பெங்களூரிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர் ஏரிப் பக்கம் காலையில் நடக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் கலிபோர்னியாவில் இருக்கிறார்கள். மீதிப் பேரின் பிள்ளைகள் அங்கே போகக் காத்திருக்கிறார்கள். நான் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். மகள் சான் ஹோசேயில் இருப்பதால் அந்தப் பாதையில் நாலு முறை போய் வந்திருக்கிறேன். இந்த இரண்டு தகுதியும் ஒருத்திக்கு வாய்த்துவிட்டால் நிம்மதியாக நடக்க முடியாது. திருவள்ளுவர் சிலையைத் தாண்டுவதற்குள் மூன்று பேராவது நிறுத்தி, போன வாரம் வேறு மூவர் கேட்டதையே கேட்பார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன்.

டீச்சர், இங்கிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ எத்தனை கிலோமீட்டர்?

சுமார் 13,990. பேச்சுக்கு 14,000 என்று வைத்துக்கொள்ளலாம். தேவனஹள்ளி விமான நிலையத்துக்கும் சான்ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கும் நடுவே, பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் கிடைக்கும் மிகக் குறைந்த தூரம் இது.

இந்தியாவின் வடக்கு தெற்கு நீளம் 3,214 கிலோமீட்டர் என்று பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதுபோல நாலேகால் இந்தியாவை வாலும் தலையுமாக வைத்துப் பாருங்கள். பூமியின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர்தான். ஆகவே உலகில் எந்த இரண்டு ஊர்களும் 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்க முடியாது. அந்த எல்லையில் பத்தில் ஏழு பங்கு தூரத்தில் உங்கள் பிள்ளை இருக்கிறான்.

என் மகன் 8,700 என்கிறான், விமானத் துறையில் இருக்கும் மருமகன் 7,550 என்கிறான், நீங்கள் 14,000 என்கிறீர்கள். யார் சொல்வது சரி?

மூவரும் சொல்வது ஒரே தூரத்தை. மகன் சொல்வது அமெரிக்கர்கள் வழங்கும் சாதாரண மைல். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். மருமகன் சொல்வது கடல் மைல், ஒன்று 1.852 கிலோமீட்டர். கப்பல்காரர்களிடமிருந்து விமானிகள் வாங்கிக்கொண்ட அளவு அது. அட்சரேகையின் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு கடல் மைல். குடும்பத்தில் சண்டை வேண்டாம்.

அதெல்லாம் இருக்கட்டும். எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும்?

இதுதான் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி. தூரத்தைத் தெரிந்துகொண்டு யாருக்கும் கால்வலி குறைவதில்லை. இங்கிருந்து இடைநில்லாமல் போக சுமார் 16 மணி நேரம். திரும்பி வர 17 மணி 45 நிமிடம் வரை. ஏர் இந்தியா 2021 ஜனவரியில் இந்தப் பாதையைத் தொடங்கியபோது போட்ட அட்டவணையின் கணக்கு இது.

ஆனால் ‘எத்தனை மணி நேரம்’ என்ற ஒரே கேள்விக்கு நாலு விடைகள் உண்டு. சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை ஒன்று. விமானம் நுழைவாயிலை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை ஒன்று. டிக்கெட்டில் அச்சாவது இது, முதலாவதைவிட அரை மணியாவது கூடும். கைக்கடிகாரத்தைப் பார்த்தால் வரும் வித்தியாசம் மூன்றாவது. அது வெறும் மாயம், அடுத்த விடையில் பாருங்கள். நம் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டும்வரை நாலாவது. அப்பா அம்மாக்களின் முதுகுக்குத் தெரிவது இந்த நாலாவதுதான். பிள்ளைகள் போனில் சொல்வது எப்போதும் முதலாவது.

டிக்கெட்டில் மதியம் 2:30க்குக் கிளம்பி அதே நாள் மாலை 5:00க்குச் சேரும் என்று போட்டிருக்கிறது. இரண்டரை மணி நேரத்தில் அமெரிக்காவா? அச்சுப் பிழையா?

பிழை இல்லை. 2:30 என்பது பெங்களூரு கடிகாரம், 5:00 என்பது சான்ஃபிரான்சிஸ்கோ கடிகாரம். குளிர்காலத்தில் அவர்கள் நமக்கு 13 மணி 30 நிமிடம் பின்னால் இருக்கிறார்கள். நீங்கள் இறங்கும்போது இங்கே மறுநாள் காலை 6:30 ஆகியிருக்கும். மதியம் 2:30 முதல் மறுநாள் காலை 6:30 வரை விரல்விட்டு எண்ணுங்கள், 16 மணி நேரம் வந்துவிடும்.

வேறு எந்த டிக்கெட்டாக இருந்தாலும் இந்த வழியையே பிடியுங்கள். இரண்டு நேரத்தையும் ஒரே ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றிக்கொண்டு பிறகு கழியுங்கள். மாற்றாமல் கழித்தால் போகும்போது இரண்டரை மணி நேரம் வரும், திரும்பும்போது ஒன்றேகால் நாளுக்கு மேல் வரும். இரண்டுமே பொய்.

அந்த 13:30 எப்போதும் அப்படியேதானா? மகள் சில மாதம் 12:30 என்கிறாளே?

அவள் சொல்வதும் சரி. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி இழுத்துவிடுவார்கள். ஆக கோடையில் 12:30, குளிர்காலத்தில் 13:30. நாம் வருடம் முழுவதும் 82½ பாகை கிழக்கு தீர்க்கரேகையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கிறோம். விமானத்தின் பயண நேரம் இதனால் மாறாது, டிக்கெட்டில் அச்சாகும் மணி மட்டும் மாறும்.

போன் செய்வதற்கு ஒரு குறுக்கு வழி: நம் மணியில் காலை, மாலையை மாற்றிப் போட்டு, கோடையானால் அரை மணியும் குளிர்காலமானால் ஒன்றரை மணியும் குறையுங்கள். இங்கே காலை 8:00 என்றால் அங்கே கோடையில் முந்தின நாள் இரவு 7:30.

அமெரிக்கா மேற்கே இருக்கிறது. விமானம் ஏன் கிழக்கே போகிறது?

சுவரில் மாட்டும் தட்டையான வரைபடம் செய்த கெடுதல் இது. அதில் அமெரிக்கா இடது ஓரத்தில் இருக்கும், நாம் வலது பக்கம். அரபு நாடு, ஐரோப்பா, அட்லாண்டிக் என்று போவதுதான் நேர்வழிபோலத் தோன்றும். அந்த வரைபடத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒட்டிக்கொண்டிருப்பவை என்பதைக் கண் மறந்துவிடுகிறது.

என் வீட்டில் பழைய பூகோள உருண்டை ஒன்று இருக்கிறது. பூக்கட்டும் நூலைக் கொஞ்சம் அறுத்து, ஒரு முனையைப் பெங்களூரிலும் மறுமுனையைச் சான்ஃபிரான்சிஸ்கோவிலும் வைத்து இறுக்கிப் பிடித்தால் நூல் தானே வழியைக் காட்டும். அது கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. வடக்கே கிளம்பிச் சற்றே கிழக்கில் சாய்ந்து, திபெத், மங்கோலியா, சைபீரியா வழியாக ஏறி, ஆர்க்டிக் ஓரத்தில் சுமார் 71 பாகை வடக்கு அட்சரேகையைத் தொட்டு, அலாஸ்கா பக்கம் இறங்கும். கேட்க வந்தவர்களுக்கெல்லாம் நூலைக் கையில் கொடுத்துவிடுவேன். நான் அரை மணி நேரம் பேசுவதைவிட அது சீக்கிரம் புரியவைக்கிறது.

அப்படியானால் சென்னையிலிருந்து போனால் தூரம் கூடுமா, குறையுமா?

குறையும், சுமார் 70 கிலோமீட்டர். சென்னை நமக்குக் கிழக்கே இருக்கிறது, குறுகிய வழியும் அந்தப் பக்கமாகவே சாய்கிறது. மேற்கே இருக்கும் நாட்டுக்குக் கிழக்கே இருக்கும் ஊர்தான் அருகில் என்று சொன்னால் மயிலாப்பூர்ச் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். நூலை அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

விமானம் உங்கள் நூல் போகும் வழியிலேயே போகுமா?

போகாது. நூலுக்கு மலை தெரியாது, காற்று தெரியாது, அரசாங்கம் தெரியாது. விமானிக்கு மூன்றும் தெரிய வேண்டும்.

முதலில் மலை. திபெத் பீடபூமியின் சராசரி உயரம் 4,500 மீட்டர். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துபோனால், மூச்சுவிட முடிகிற உயரத்துக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு விரைந்து இறங்க வேண்டும். தரையே அதைவிட உயரத்தில் இருந்தால் எங்கே இறங்குவது? அதனால் விமானங்கள் திபெத்தைப் பெரும்பாலும் சுற்றிக்கொண்டுதான் போகின்றன.

இரண்டாவது காற்று. நம் தலைக்கு 10 கிலோமீட்டர் மேலே, நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். போகும்போது அதன் முதுகில் ஏறிக்கொள்ள வங்காள விரிகுடா, சீனா, ஜப்பான் பக்கமாக வந்து பசிபிக்கைக் கடப்பார்கள். தூரம் கூடும், நேரம் குறையும். காவிரியில் பரிசல் ஓட்டுகிறவர்கள் நேர்கோட்டில் கடப்பதில்லை அல்லவா, அதே புத்திதான்.

மூன்றாவது அரசாங்கம். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்யா தன் வான்வெளியை அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியது. இந்திய நிறுவனங்களுக்கு மூடவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் சுற்றிக்கொண்டு போயின. பூமியின் தூரம் என்றும் மாறாது. பறக்கும் தூரம் செய்தித்தாளைப் பொறுத்தது.

போகும்போது காற்றில் லாபம், வரும்போது நட்டம். கூட்டிக் கழித்தால் சமம்தானே?

வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கேட்டது. கணக்கு சரிபோலத் தோன்றும், ஆனால் இல்லை. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், காற்று 100 என்று வைப்போம். 14,000 கிலோமீட்டரை 1,000 வேகத்தில் போக 14 மணி நேரம். 800 வேகத்தில் வர 17½ மணி நேரம். மொத்தம் 31½. காற்றே இல்லாமலிருந்தால் போக வர 31 மணி நேரமும் சில நிமிடமும்தான். லாபம் கிடைக்கும் நேரம் குறைவு, நட்டம் படும் நேரம் அதிகம், அதனால் மிச்சம் எப்போதும் நட்டமே. வட்டிக் கணக்குப் பார்த்தவருக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை என்றேன். அவர் மறுநாள் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து ஒப்புக்கொண்டார்.

இதனால்தான் திரும்பும்போது அந்தக் காற்றாற்றை எதிர்த்து வராமல், அதற்கு வடக்கே ஏறித் துருவப் பக்கமாக வரப் பார்க்கிறார்கள்.

உண்மையிலேயே வட துருவத்துக்கு மேலேயா? குளிராதா?

2021 ஜனவரி 9ஆம் தேதி இரவு சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு 11ஆம் தேதி விடியற்காலை பெங்களூரில் இறங்கிய முதல் விமானம் வட துருவத்துக்கு மேலே பறந்து வந்தது. கேப்டன் ஜோயா அகர்வாலின் தலைமையில் விமானியறையில் இருந்த நால்வரும் பெண்கள். அந்தச் செய்தி வந்த நாளில் ஏரிக்கரையில் என் நடை கொஞ்சம் மிடுக்காக இருந்ததாகச் சொன்னார்கள்.

உள்ளே குளிராது, வீட்டு ஏசி அளவுதான். குளிர்வது எரிபொருளுக்கு. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 50, 60 பாகை இருக்கும். இறக்கைக்குள் இருக்கும் ஜெட் ஏ-1 எரிபொருள் உறையத் தொடங்கும் நிலை பூஜ்யத்துக்குக் கீழே 47 பாகை. அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ என்ற வகைக்கு அது 40 பாகையே. எரிபொருளின் வெப்பம் எல்லையை நெருங்கினால் விமானிகள் கீழே இறங்கியோ வேகத்தைக் கூட்டியோ அதைச் சூடாக்கிக்கொள்வார்கள். போர்வையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எரிபொருளைப் பற்றி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நடுவழியில் என்ஜின் நின்றால் அந்தப் பனியில் எங்கே இறங்குவது?

இரண்டு என்ஜின் விமானம் ஒரே என்ஜினில் பறக்க முடியும், அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். எவ்வளவு நேரம் அப்படிப் பறக்க அனுமதி இருக்கிறதோ, அந்த நேரத்துக்குள் போய்ச் சேரும்படி ஒரு விமான நிலையம் பாதை நெடுக இருந்தாக வேண்டும் என்பது விதி. போயிங் 777க்கு 2011இல் 330 நிமிடம் வரை அனுமதி கிடைத்தது.

விதி காகிதத்தோடு நிற்பதில்லை. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ போன விமானம் ஒன்று என்ஜின் கோளாறால் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் மகதான் என்ற ஊரில் இறங்கியது. 216 பயணிகளும் பத்திரம். ஆனால் மாற்று விமானம் வரும்வரை அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. ஒரு மாற்றுத் துணியும் இரண்டு நாள் மாத்திரையும் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

பூமிதான் சுற்றுகிறதே. விமானம் மேலே போய் அப்படியே நின்றால் அமெரிக்கா தானாகக் கீழே வராதா?

பேரன்கள் கேட்பதாகச் சொல்லித் தாத்தாக்கள் கேட்கும் கேள்வி. பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து ஒரு நாணயத்தை மேலே சுண்டுங்கள். அது உங்கள் கையிலேயே விழும், பின் சீட்டுக்காரர் மடியில் விழாது. ரயிலோடு நீங்கள், நாணயம், பெட்டிக்குள் இருக்கும் காற்று எல்லாமே சேர்ந்து ஓடுகின்றன. பெங்களூரு பூமியோடு சேர்ந்து மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. தரை, ஏரி, காற்று, விமானம் எல்லாமே கூட ஓடுகின்றன. மேலே நின்றாலும் கீழே அல்சூர்தான்.

சீட்டுக்கு முன்னால் இருந்த திரையில் வேகம் 1,100 என்று காட்டியது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டோமா?

இல்லை. அந்த உயரத்துக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,060 கிலோமீட்டர் என்பது உண்மை. ஆனால் திரை காட்டியது தரையை ஒப்பிட்ட வேகம். காற்றுக்குள் விமானம் 900தான் போகிறது. அந்தக் காற்றே 200 வேகத்தில் நகர்கிறது. மேலே சொன்ன பரிசலை நினைத்துக்கொள்ளுங்கள்: துடுப்பு போடும் வேகம் வேறு, கரையிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியும் வேகம் வேறு.

டெல்லி வழியாகப் போனால் சுற்று இல்லையா?

தூரத்தில் சுற்றே இல்லை, இதுதான் வேடிக்கை. பெங்களூரு – டெல்லி 1,710, டெல்லி – சான்ஃபிரான்சிஸ்கோ 12,380. கூட்டினால் 14,090. நேர்வழியைவிட 100 கிலோமீட்டர்தான் அதிகம். நூல் வடக்கே கிளம்புகிறது என்று சொன்னேனே, டெல்லி அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஹாங்காங் வழி 15,080. துபாய் வழி சுமார் 15,700. ஃபிராங்க்ஃபர்ட் வழி 16,550. சிங்கப்பூர் வழி 16,750.

ஆனால் மாறிப் போகும் பயணத்தில் நேரத்தைத் தின்பது வானம் அல்ல, நாற்காலி. நடுவில் காத்திருக்கும் மூன்று மணியோ பத்து மணியோதான் மொத்தத்தைத் தீர்மானிக்கும். சிங்கப்பூர் வழியில் கூடுதலாகப் பறப்பது மூன்று மணி நேரம். அங்கே ஒன்பது மணி நேரம் காத்திருக்க வைக்கும் டிக்கெட்டை விலை குறைவு என்று வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். எனக்கு முழங்கால் வலி. அப்படியிருந்தும் ஒருமுறை மாறிப் போவதையே நான் விரும்புகிறேன். நடுவில் நாலு அடி நடக்கலாம். மொழிக்குப் பயப்படுகிறவர்கள் சக்கர நாற்காலி கேட்டுக்கொண்டால், அடுத்த விமானம் வரை ஆள் கூடவே வருவார்.

நேர் விமானம் எப்போதும் இருக்குமா? ‘டைரக்ட்’ என்று ஏஜென்ட் சொன்னால் நம்பலாமா?

எப்போதும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். 2021இல் தொடங்கியது, இடையில் நின்றது, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. இவ்வளவு தூரம் பறக்கக்கூடிய விமானம், எரிபொருள் விலை, திறந்திருக்கும் வான்வெளி மூன்றும் ஒத்துவந்தால்தான் ஓடும். டிக்கெட் எடுக்கும் நாளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். போன வருடம் மாமி போனாளே என்பது ஆதாரம் ஆகாது.

‘டைரக்ட்’ என்றால் விமான எண் மாறாது என்றுதான் பொருள். நடுவில் இறங்கி ஏறலாம். ‘நான்ஸ்டாப்’ என்றால்தான் நடுவில் நிற்காது. எங்கள் தெருவில் ஒருவர் இந்த வித்தியாசம் தெரியாமல் டிக்கெட் எடுத்துவிட்டு, நடு ஊரில் எல்லாரும் இறங்குவதைப் பார்த்து வந்துவிட்டோம் என்று மாலையும் கையுமாக நின்றாராம்.

வீட்டிலிருந்து வீடு என்று கணக்குப் போட்டால்?

என் கடைசிப் பயணத்தைச் சொல்கிறேன். அல்சூரிலிருந்து விமான நிலையம் 30 கிலோமீட்டருக்கு மேல். ஹெப்பால் மேம்பாலம் அன்று எப்படி இருக்கும் என்று அதற்கே தெரியாது. இரண்டு மணி நேரம் ஒதுக்கினேன். நிலையத்தில் மூன்று மணி நேரம். பறப்பது 16. அங்கே குடியேற்ற வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் ஒன்றரை மணி நேரம். சான் ஹோசேக்குக் காரில் ஒரு மணி நேரம். மொத்தம் 23½. ஒரு நாளில் அரை மணிதான் மிச்சம். ஆகவே தூரத்தை விட்டுவிடுங்கள், ‘ஒரு முழு நாள்’ என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். மாறிப் போனால் ஒன்றேகால் நாளும் ஆகலாம், ஒன்றரை நாளும் ஆகலாம்.

உலகத்திலேயே நீளமான பயணம் இதுதானே?

இல்லை. சிங்கப்பூர் – நியூயார்க் 15,300 கிலோமீட்டருக்கு மேல், 18 மணி நேரத்தையும் தாண்டும். டிக்கெட் பயணிகளை ஏற்றாத சாதனை என்றால், 2005 நவம்பரில் ஒரு போயிங் 777-200எல்ஆர் ஹாங்காங்கிலிருந்து கிழக்கே கிளம்பி, பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக் எல்லாம் தாண்டி லண்டன் போனது: 21,602 கிலோமீட்டர், 22 மணி 42 நிமிடம். ஊர்களுக்கு நடுவே 20,000க்கு மேல் தூரமே கிடையாது என்று முதல் கேள்வியில் சொன்னேன். வேண்டுமென்றே சுற்றுவழியில் போனதால்தான் இந்த எண் வந்தது.

சர்க்கரை மாத்திரையை எந்த ஊர் மணிக்குப் போடுவது?

அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள். அவரிடம் ‘இரவு மாத்திரை’ என்று சொல்லாமல், ‘கடைசி மாத்திரைக்குப் பிறகு இத்தனை மணி நேரம்’ என்று கேட்டால் பதில் தெளிவாக வரும். மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் வேண்டாம். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

போனதும் எத்தனை நாள் தூக்கம் கெடும்?

ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்பது பொதுவான கணக்கு. பதின்மூன்று நாளா என்று பயப்பட வேண்டாம். 13½ மணி பின்னால் என்பதும் 10½ மணி முன்னால் என்பதும் உடம்புக்கு ஒன்றுதான், அது எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். எனக்குப் பத்து நாள் ஆனது. காலை வெயிலில் நின்றதுதான் உதவியது. மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகும்போது ‘ஐந்து நிமிடம்’ என்று படுத்தால் போச்சு.

வியாழக்கிழமை 2:30க்கு விமானம். அது ராகு காலம் ஆயிற்றே!

ஆமாம், வியாழன் 1:30 முதல் 3:00 வரை. ஆனால் நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவது காலை ஒன்பதரைக்கு, அப்போது ராகு காலம் இல்லை. அதற்கும் மனம் ஒப்பாவிட்டால் முந்தின நாள் நல்ல நேரத்தில் பெட்டியைப் பக்கத்து வீட்டில் பரஸ்தானம் வைத்துவிடுங்கள், அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. நம் பாட்டிகள் மாட்டுவண்டிக் காலத்திலேயே இதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தவிர, சான்ஃபிரான்சிஸ்கோவில் அப்போது நள்ளிரவு ஒரு மணி.

சனிக்கிழமை ராத்திரி அங்கே ஏறினேன், இங்கே இறங்கினால் திங்கள். நடுவில் அமாவாசை வந்திருந்தால் தர்ப்பணம் எந்த நாள்?

சந்திரன் சூரியனோடு சேரும் அந்தக் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. அந்தக் கணத்தில் எந்த ஊர்க் கடிகாரம் என்ன காட்டுகிறது என்பதுதான் வேறுபடுகிறது. அதனால் அமெரிக்காவில் அமாவாசை நம் நாள்காட்டியைவிட ஒரு நாள் முன்னால் வருவது சகஜம். இருக்கும் ஊரின் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது வழக்கம். ஆகாயத்தில் இருக்கும்போது என்ன செய்வது என்பதை உங்கள் வாத்தியாரிடம்தான் கேட்க வேண்டும். பூகோள வாத்தியார் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

நாள் எப்படிக் காணாமல் போகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். போகும்போது விமானம் சூரியனுக்கு எதிரே ஓடுகிறது. ஜனவரியில் 2:30க்குக் கிளம்பினால் இரண்டரை மணி நேரத்தில் இருட்டிவிடும், அதன்பின் ஏழெட்டு மணி நேரத்தில் விடிந்துவிடும், இறங்கும்போது மறுபடி மாலை. ஒரே தேதியில் இரண்டு சாயங்காலம், இரண்டு முறை விளக்கேற்றலாம். திரும்பும்போது, ஜனவரியில் துருவ வழியாக வந்தால், இரவு 8:30க்கு ஏறி விடியற்காலை 3:45க்கு இறங்கும்வரை 17¾ மணி நேரமும் வெளியே இருட்டுதான். அந்த மாதத்தில் துருவத்தை ஒட்டிய ஆர்க்டிக்கில் சூரியன் எழுவதே இல்லை. ஜன்னல் மூடியை நாலைந்து முறை திறந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எந்தப் பக்கமும் தென்படவில்லை.